எல்லை தாண்டி நீளும் கை!

மாதம் பிறந்ததும் உழைப்பவர் கைக்கு வந்து சேரும் சம்பளச் சீட்டு, சின்னஞ்சிறு தாள்தான். எனினும் ஓர் ஆட்சியின் இயல்பு முழுவதையும் அந்தத் தாளிலே படித்துவிடலாம். உழைத்தவருக்குக் கிடைத்தது எவ்வளவு? கைக்கு வருமுன்பே பிடிக்கப்பட்டது எவ்வளவு? பிடிக்கப்பட்ட பணம் எந்தக் கருவூலத்துக்குப் போயிற்று? மூன்றே வரிகள், மூன்று கேள்விகள். முதல் இரண்டு கேள்விகளையும் நாம் மேடைதோறும் எழுப்பியிருக்கிறோம். மூன்றாவது கேள்வியை எழுப்புவோர் குறைவு. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றாவது கேள்வியோடு உங்களைச் சந்திக்கிறேன்.

கேள்வி எழுந்திருக்கும் இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. ஒரு மாநிலத்திலே நிறுவனம். வேறொரு மாநிலத்திலே வீடு. வீட்டு மேசையின் முன் அமர்ந்து கணினி வழியே பணி. இப்படி வேலை செய்பவரின் சம்பளத்திலிருந்து எந்த மாநிலத்தின் வருமான வரியைப் பிடித்தம் செய்வது? இதுதான் அங்கே நீதிமன்றப் படிகளிலும் சட்டமன்ற அவைகளிலும் ஆண்டுக்கணக்கில் நடந்துவரும் வழக்கு.

"அமெரிக்கச் சம்பளத்தில் யார் வரி பிடித்தால் நமக்கென்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் குடியிருந்துகொண்டு, ஆற்றுக்கு அப்பால் நியூயார்க் நிறுவனங்களுக்குப் பணியாற்றும் தமிழர்கள் உண்டு. அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மற்றொன்று: மாநிலத்தின் உரிமை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்னும் கேள்வி இந்த வழக்கின் அடிமடியிலே கிடக்கிறது. மாநில உரிமை பேசுகிற எவரும் அந்தக் கேள்வியைக் காணாதவர்போல் கடந்து போய்விட முடியாது.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலே மத்திய அரசு வருமான வரி வாங்குகிறது. அதற்குமேல் பெரும்பாலான மாநிலங்கள் தனியே வருமான வரி வாங்குகின்றன. விஸ்கான்சின் மாநிலம் 1911-இலும், நியூயார்க் 1919-இலும், நியூ ஜெர்சி 1976-இலும், கனெக்டிகட் 1991-இலும் தத்தம் வருமான வரிச் சட்டங்களை இயற்றின. டெக்சஸ், ஃபுளோரிடா, டென்னசி, நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் சம்பளத்தின்மீது வருமான வரி போடுவதில்லை. வேறு வரிகளால் காலம் தள்ளுகின்றன. எந்த வரி வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்தந்த மாநில மக்களே முடிவு செய்கிறார்கள். கூட்டாட்சி என்பதன் பொருளும் அதுதானே!

வரியைத் திரட்டும் முறை பிடித்தம். சம்பளம் கொடுப்பவரே வரியைக் கழித்து, அரசுக்குக் கட்டி, மீதியைத்தான் கொடுக்கவேண்டும். மத்திய அரசு 1943-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்த முறையைச் சம்பளங்கள்மீது நிலைநாட்டியது. மாநிலங்களும் பின்பற்றின. பொதுவான விதி எளிது: வேலை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மாநிலம் முதலில் வரி வாங்கலாம்; வாழும் மாநிலம், தன் குடிமகனுடைய வருவாய் முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, வேலை செய்த மாநிலத்துக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொடுக்கும். சில மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தமும் செய்துகொண்டிருக்கின்றன. நியூ ஜெர்சியில் வாழ்ந்து பென்சில்வேனியாவில் வேலை செய்பவரின் சம்பளத்தில் நியூ ஜெர்சி வரி மட்டுமே பிடிக்கப்படும், மறுபக்கமும் அப்படியே. 1977 முதல் நிலவிவரும் ஏற்பாடு இது. நல்ல அண்டை வீட்டாருக்கு அழகு!

இதுவரையில் குழப்பம் இல்லை. குழப்பம் எங்கே பிறக்கிறது? வேலை வீட்டுக்கு வரும்போது பிறக்கிறது.

கனெக்டிகட்டில் வீடு, நியூயார்க்கில் நிறுவனம். வாரத்தில் இரண்டு நாள் நியூயார்க் அலுவலகம், மூன்று நாள் சொந்த வீடு என்று வைத்துக்கொள்வோம். வேலை நடக்கும் மண்ணுக்கு வரி என்றால், இரண்டு நாள் சம்பளத்துக்கு நியூயார்க்கும் மூன்று நாள் சம்பளத்துக்குக் கனெக்டிகட்டும் உரியவை. பள்ளிப் பிள்ளை போடும் கணக்கு இது. நியூயார்க் இந்தக் கணக்கை ஒப்புவதில்லை. "நீ வீட்டிலிருந்து வேலை செய்தது உன் வசதிக்காகவா, உன் முதலாளியின் இன்றியமையாத தேவைக்காகவா? உன் வசதிக்காக என்றால், அந்த மூன்று நாளும் நீ நியூயார்க்கிலேயே வேலை செய்ததாகக் கருதுவேன்" என்கிறது. இதற்கு அங்கே 'முதலாளி வசதி விதி' என்று பெயர். வேலை செய்தது கனெக்டிகட்டில், கருதுவது நியூயார்க்கில்! உடல் இங்கே, உயிர் அங்கே என்று புராணம் சொன்னால் சிரிக்கிறோம். வரித்துறை சொன்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால், அது கதையோடு நிற்பதில்லை, காசையும் கேட்கிறது.

நம் நாட்டு வழக்கிலே சொல்கிறேன். பழைய மன்னர்கள் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கைக் கடமையாகப் பெற்றார்கள். காவிரிக் கரையிலே நெல் விளைகிறது. அந்த நெல்லை வாங்கும் வணிகர் மதுரையிலே கடை வைத்திருக்கிறார். "வாங்குபவர் என் நகரத்துக்காரர், ஆகவே காவிரிக் கரை வயலும் வைகைக் கரையில் இருப்பதாகவே கருதுகிறேன், ஆறில் ஒரு பங்கை எனக்கே அள" என்று பாண்டியன் கேட்டால், சோழ நாட்டு உழவன் என்ன சொல்வான்? சோழன்தான் சும்மா இருப்பானா? வாய்க்கால் வெட்டியது சோழன். கரையைக் காத்தது சோழன். நெல்லை அளந்துகொண்டு போவது மட்டும் பாண்டியனா? நியூயார்க்கின் வசதி விதி கேட்பது இதைத்தான்.

இதை எதிர்த்துப் போராடியவர்கள் உண்டு. எட்வர்ட் செலின்ஸ்கி என்னும் சட்டப் பேராசிரியர் நியூயார்க் நகரில் உள்ள கார்டோசோ சட்டக் கல்லூரியில் ஆசிரியர், குடியிருப்பு கனெக்டிகட்டில். வகுப்பு நடக்கும் நாள்களில் நியூயார்க் சென்று கற்பித்தார். மற்ற நாள்களில் வீட்டிலிருந்து ஆராய்ச்சியும் எழுத்தும் செய்தார். 1994, 1995 ஆகிய ஆண்டுகளின் சம்பளத்தில், வீட்டில் உழைத்த நாள்களுக்கு உரிய பகுதியை நியூயார்க்கும் தனது என்றது. கனெக்டிகட்டும் தனது என்றது. ஒரே நாள் உழைப்பு, இரண்டு அரசுகளுக்கு வரி! வழக்கு நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை சென்றது. 2003-இல் அம்மன்றம் மாநிலத்துக்கே வெற்றி மாலை சூட்டியது. நாட்டின் உச்ச நீதிமன்றம் 2004-இல் வழக்கைக் கேட்கவே மறுத்துவிட்டது.

சட்டம் கற்பிப்பவருக்கே இந்தக் கதி என்றால், மற்றவர் நிலை? டென்னசியில் வாழ்ந்த கணினி நிரலாளர் ஒருவர், நியூயார்க் நிறுவனம் ஒன்றுக்குப் பணியாற்றினார். பணி நேரத்தில் கால் பங்கு அளவே நியூயார்க்கில் கழிந்தது. முக்கால் பங்கு டென்னசியில். கால் பங்குக்கு நியூயார்க் வரி கட்ட அவர் தயார். நியூயார்க்கோ முழுச் சம்பளத்தின்மீதும் வரி கேட்டது. 2005-இல் அதே மன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம். மூவர் அவர் பக்கம். நான்குக்கு மூன்று! ஒரே ஒரு நீதிபதியின் மனம் மாறியிருந்தால் விதியே மாறியிருக்கும். டென்னசியில் சம்பள வரி இல்லை என்பதால் கழித்துக்கொள்ள அவருக்கு வேறு வரியும் இல்லை. முழுச் சுமையும் அவர் தலைமேல்.

பிறகு வந்தது 2020. கொரோனா கொள்ளை நோய் உலகை உலுக்கிய ஆண்டு. மார்ச் 22 முதல், இன்றியமையாதவை தவிர்ந்த நிறுவனங்களின் ஊழியர் அனைவரும் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று ஆணையிட்டது நியூயார்க் அரசு. அலுவலகக் கதவைப் பூட்டியவர் யார்? அரசு. "வெளியே வராதே" என்றவர் யார்? அரசு. அப்படி வீட்டிலிருந்து பணிசெய்த நாள்களை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி வந்தபோது, அந்த அரசின் வரித்துறை என்ன சொல்லிற்று? உங்கள் முதலாளி உங்கள் ஊரில் முறையான அலுவலகம் ஒன்றை நிறுவியிருந்தாலொழிய, அந்த நாள்களும் நியூயார்க்கில் வேலை செய்த நாள்களே என்றது! வராதே என்று ஆணையிட்டதும் அவர்கள். வந்ததாகக் கருதுவதும் அவர்கள். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது ஊழியரின் 'வசதி'யாம்! செலின்ஸ்கி மீண்டும் வழக்காடினார். வரித் தீர்ப்பாயத்தின் நிர்வாக நீதிபதி 2023-இல் அவருக்கு எதிராகவே முடிவு சொன்னார்.

அதே 2020-இல் மற்றொரு மாநிலமும் கையை நீட்டிற்று. மாசசூசெட்ஸ்! நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்து, பாஸ்டன் நிறுவனங்களுக்கு நாள்தோறும் சென்று வேலை செய்தவர்கள் பலர். கொள்ளை நோயால் அவர்கள் வீட்டிலேயே இருந்து பணியாற்றினார்கள். முன்பு மாசசூசெட்ஸில் வேலை செய்தவர்கள் இப்போது வெளியே இருந்து செய்தாலும், பழைய விகிதப்படியே வரி பிடிக்கவேண்டும் என்று மாசசூசெட்ஸ் அவசர விதி வகுத்தது. அங்கே வரி விகிதம் 5 சதவீதம். ஆண்டுக்கு 80,000 டாலர் சம்பளம் பெறும் ஒருவர், முன்பு நாள்தோறும் பாஸ்டன் சென்றவர், இப்போது ஒரு நாள்கூட எல்லையைத் தாண்டாதவர் என்று கொள்வோம். கழிவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் 4,000 டாலர் மாசசூசெட்ஸுக்கு! நியூ ஹாம்ப்ஷயரில் சம்பள வரியே இல்லை. எனவே ஈடு செய்துகொள்ளவும் வழியில்லை.

தோழர்களே, பாஸ்டன் என்ற பெயர் உங்களுக்குப் புதிதல்ல. 1773 டிசம்பர் 16 இரவு, ஆங்கிலேயரின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய துறைமுகம் அது. எதற்காகக் கொட்டினார்கள்? தேயிலை கசந்ததாலா? இல்லை. எங்கள் பிரதிநிதி அமராத பாராளுமன்றம் எங்கள்மீது வரி விதிக்கக் கூடாது என்பதற்காக! அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட மாநிலம், தன் தேர்தலில் வாக்களிக்க முடியாத, தன் மண்ணில் அன்று கால் வைக்காத, அடுத்த மாநிலத்துக் குடிமகனின் சம்பளத்தில் கை வைத்தது. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு. சில வேளைகளில் அது கொடிய நகைச்சுவை.

நியூ ஹாம்ப்ஷயர் 2020 அக்டோபரில் நேரே நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் வழக்கு என்றால் அங்கேதான் போகவேண்டும். நியூ ஜெர்சி, கனெக்டிகட் ஆகியவையும் அதன் பக்கம் நின்று வாதுரை தாக்கல் செய்தன. மத்திய அரசின் வழக்கறிஞரோ, இந்த வழக்கை ஏற்கவேண்டியதில்லை என்று கருத்துரைத்தார். 2021 ஜூன் 28 அன்று நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. தாமஸ், அலிட்டோ ஆகிய இரு நீதிபதிகள் மட்டும் ஏற்றிருப்போம் என்று பதிவு செய்தனர். மாசசூசெட்ஸின் விதி தற்காலிக விதி; 2021 செப்டம்பர் 13-இல் காலாவதியாயிற்று. ஆனால் கேள்வி காலாவதியாகவில்லை.

ஒருபக்கக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மட்டும் மாசற்ற மணியா? அதன் பழைய ஏட்டையும் புரட்டுவோம். தன் குடிமக்கள்மீது சம்பள வரி போட மனமில்லாத அந்த மாநிலம், 1970-இல் ஒரு சட்டம் இயற்றியது. வெளிமாநிலத்திலிருந்து வந்து வேலை செய்பவர்கள்மீது மட்டும் 4 சதவீத வரி! மெயின் மாநிலத்துத் தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சொந்தக் குடிமகனுக்கு இல்லாத சுமையை அயல் மாநிலத்தான்மீது மட்டும் ஏற்றக் கூடாது என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! அன்று அண்டை மாநிலத்தான் பையில் கையிட்ட நியூ ஹாம்ப்ஷயர், இன்று தன் குடிமகன் பையில் கை விழுந்ததும் அரசியல் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்கிறது.

நியூயார்க் நகரின் கதை இன்னும் சுவையானது. புறநகரிலிருந்து வந்து வேலை செய்வோர்மீது அந்த நகரத்துக்கென்று ஒரு வரி இருந்தது, விகிதம் 0.45 சதவீதம். 1999-இல் புறநகர்த் தொகுதி ஒன்றில் மாநில செனட்டுக்கு இடைத்தேர்தல். இரு பெரிய கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு அந்த வரியை ஒழித்தன. யாருக்கு ஒழித்தன? நியூயார்க் மாநிலத்துக்குள் வாழ்ந்துகொண்டு நகரத்துக்கு வருபவர்களுக்கு மட்டும்! நியூ ஜெர்சியிலிருந்தும் கனெக்டிகட்டிலிருந்தும் வருபவர்களுக்கு? அவர்கள் தொடர்ந்து கட்டட்டும் என்றார்கள். ஏன் இந்த ஓரவஞ்சனை? முன்னவருக்கு அந்தத் தொகுதியிலே வாக்கு உண்டு, பின்னவருக்கு இல்லை. 2000-இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றமே அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அந்த வரி முற்றிலும் ஒழிந்தது.

இந்த மூன்று கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வாக்குள்ளவன் அருகில் வந்தால் கை சுருங்குகிறது. வாக்கில்லாதவன் கண்ணில் பட்டால் கை நீளுகிறது. கட்சி எது, மாநிலம் எது என்பதல்ல இங்கே கேள்வி. வாக்குச் சீட்டு இல்லாத இடத்தில் அதிகாரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதே கேள்வி. தேர்தல் பணியிலே தேய்ந்த கால்களையுடைய உங்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமோ?

நியூயார்க்கின் பக்கம் வாதமே இல்லை என்று சொல்லமாட்டேன். எதிரியின் வாதத்தை மறைத்து வெல்வது வெற்றியாகாது. அவர்கள் சொல்வது இது: "வேலை இருப்பது எங்கள் நகரம் இருப்பதால், சந்தையும் துறைமுகமும் வங்கியும் நாங்கள் வளர்த்தவை. அலுவலகத்தில் செய்யவேண்டிய வேலையை வீட்டில் செய்ததாகப் பொய்க் கணக்கு எழுதி, வரியைத் தட்டிக் கழிப்பவர்கள் உண்டு. இந்த விதி இல்லாவிட்டால், பெருஞ்சம்பளக்காரர்கள் எல்லாம் வரியில்லா மாநிலத்தில் மாளிகை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் எங்கிருந்து வரும்?"

இறுதிக் கேள்வி என்னையும் தடுத்து நிறுத்தக்கூடிய கேள்விதான். வரியே கூடாது என்பவனல்ல நான். வரியின்றிப் பள்ளி இல்லை, சாலை இல்லை, முதியோருக்கு உதவி இல்லை. செல்வர் வரியைத் தட்டிக்கொண்டு ஓடுவதற்குக் கொடி பிடிக்கும் கட்டுரையன்று இது. ஆனால், பொய்க் கணக்கு எழுதுகிறவனைப் பிடிக்க வழி கணக்கைச் சோதிப்பது. மெய்க் கணக்கு எழுதுகிறவனையும் சேர்த்துத் தண்டிப்பதல்ல. ஒரு கொம்பன் வேலி தாண்டினான் என்பதற்காக ஊர் மாடுகள் அத்தனையையும் பட்டியில் அடைப்பது எந்த ஊர் நியாயம்?

பள்ளிக்குப் பணம் வேண்டும் என்கிறார்கள். வேண்டும், மறுக்கவில்லை. எந்தப் பள்ளிக்கு? கனெக்டிகட்டில் வாழ்பவரின் பிள்ளை கனெக்டிகட் பள்ளிக்குத்தான் போகிறது. அவர் வீடு தீப்பற்றினால் கனெக்டிகட்டின் தீயணைப்பு வண்டிதான் வரும். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் அவர் குடிக்கும் தண்ணீரும், அவர் தெருவிலே எரியும் விளக்கும், அவரைக் காக்கும் காவலரும் கனெக்டிகட்டைச் சேர்ந்தவை. அந்த நாளின் வரி நியூயார்க்குக்குப் போனால், இரண்டில் ஒன்று நடக்கும். கனெக்டிகட் தன் குடிமகனுக்குக் கழிவு கொடுத்துத் தன் கருவூலத்தைக் காலியாக்கிக்கொள்ளவேண்டும். அல்லது கழிவு கொடுக்காமல் அவரை இருமுறை வரி கட்ட வைக்கவேண்டும். ஆக, நியூயார்க் வாங்குவது ஒரு தனி மனிதரின் காசை மட்டுமல்ல. அண்டை மாநிலத்தின் பள்ளிக் காசையும் சேர்த்துத்தான்!

ஆகவேதான் சொல்கிறேன்: தன் எல்லைக்குள் நடக்கும் உழைப்பின்மீது வரி விதிப்பது மாநில உரிமை. அடுத்த மாநிலத்து வீட்டு மேசை வரை கையை நீட்டுவது மாநில உரிமையல்ல. அடுத்த மாநிலத்தின் உரிமையை மீறுவது. உரிமை என்பது வேலியோடு சேர்ந்து பிறப்பது. வேலியைத் தாண்டிய உரிமைக்கு ஆதிக்கம் என்று பெயர்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த நீதியன்று. 1920-இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த பூட்டுத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று நியூயார்க்கின் வரிச் சட்டத்தை எதிர்த்தது. அதன் நியூயார்க் அலுவலகத்தில் வேலை செய்தோர் சிலர் வெளிமாநிலவாசிகள். உச்ச நீதிமன்றம் தராசைச் சமமாகப் பிடித்தது. நியூயார்க்கில் செய்த வேலைக்கு நியூயார்க் வரி போடலாம். சம்பளத்தில் பிடித்தம் செய்யுமாறு நிறுவனத்துக்குக் கட்டளையிடவும் செய்யலாம். ஆனால் தன் குடிமக்களுக்குத் தரும் வரிவிலக்கை வெளிமாநிலத்தாருக்கு மறுக்கக் கூடாது என்றது. தன் மண்ணில் நடந்த வேலைக்கு வரி. அயலாருக்கு ஓரவஞ்சனை இல்லை. நூறாண்டுக்கு முன்பே நட்ட எல்லைக்கல் அது. வசதி விதி அந்த எல்லைக்கல்லைப் பிடுங்கி, அண்டை வீட்டு முற்றத்தில் நடுகிறது.

ஒருவர் கல்லைப் பிடுங்கினால் மற்றவர் சும்மா இருப்பாரா? டெலவேர், பென்சில்வேனியா, நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களிலும் இதே வகை விதி உண்டு. கனெக்டிகட் 2019 முதல், "எங்களுக்கு இந்த விதியைப் போடும் மாநிலத்தாருக்கு நாங்களும் போடுவோம்" என்றது. நியூ ஜெர்சி 2023-இல் அதே வழியில் சென்றது. பழிக்குப் பழி! இந்தப் பழிவாங்கலில் அடிபடுவது யார்? ஆளுநர்களா? வரி அதிகாரிகளா? இல்லை. சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு, வாழும் மாநிலத்துக்கு ஒரு படிவம், நியூயார்க்குக்கு ஐ.டி.-203 என்னும் வெளிமாநிலவாசிப் படிவம் என்று நிரப்பிக்கொண்டிருக்கும் ஊழியர். பத்துப் பேரை வைத்துக்கொண்டு நடத்தும் சிறு நிறுவனத்துக்காரர். இருட்டறையில் ஒரு விளக்கு என்று சொல்லத்தக்கது ஆர்கன்சா. தன்னிடமிருந்த வசதி விதியை 2021-இல் தானாகவே ஒழித்துவிட்டது அந்தச் சிறு மாநிலம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மாநிலங்களுக்கிடையேயான வாணிகத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரம் படைத்த அமெரிக்கப் பாராளுமன்றத்திடம். அது செய்யக் கூடாததல்ல. வேறு சிலருக்குச் செய்தும் இருக்கிறது. 1996-இல் ஒரு சட்டம் இயற்றியது: முன்பு வேலை செய்த மாநிலம், இப்போது வேறு மாநிலத்தில் வாழும் ஓய்வூதியரின் ஓய்வூதியத்தில் வரி கேட்கக் கூடாது என்று. நல்ல சட்டம். அதற்கும் முன்பே, 1977-இல் மற்றொரு சட்டம் இயற்றியது. யாருக்காகத் தெரியுமா? பாராளுமன்ற உறுப்பினர்களுக்காக! கூட்டத் தொடருக்காகத் தலைநகர் வாஷிங்டனிலோ, அதை அடுத்த மேரிலாந்து, வர்ஜினியா மாநிலங்களிலோ தங்கியிருக்கும் உறுப்பினரை, அங்கே வாழ்பவராகக் கருதி வருமான வரி கேட்கக் கூடாதாம். அவர் தம் சொந்த மாநிலத்தவராகவே கருதப்படவேண்டுமாம்!

பார்த்தீர்களா நீதியின் விந்தையை! உறுப்பினர் வேறோர் இடத்திலே உண்டு உறங்கி வாழ்ந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவர் சொந்த மாநிலத்தில் இருக்கிறார். ஊழியர் சொந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார்! சட்டம் இயற்றுபவருக்கு ஒரு கற்பனை. சட்டத்துக்குக் கட்டுப்படுபவருக்கு நேர் எதிரான கற்பனை. இரண்டிலும் காசு எந்தப் பக்கம் மிச்சமாகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

உழைப்பவருக்காக மசோதாவே வரவில்லையா? வந்தன. சில நாள்கள் மட்டும் வேறு மாநிலம் சென்று வேலை செய்பவரிடம், 30 நாள்களைத் தாண்டாதவரை அந்த மாநிலம் வரியோ பிடித்தமோ கேட்கக் கூடாது என்னும் மசோதா 2012-இலும் 2016-இலும் 2017-இலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. மூன்று முறையும் செனட் சபையைக் கடக்கவில்லை. வசதி விதியையே ஒழிக்கும் மசோதாக்களைக் கனெக்டிகட் உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவையும் சட்டமாகவில்லை. தங்களுக்கு என்றதும் 1977-இலேயே கை உயர்ந்த அவையில், உழைப்பவருக்கு என்றதும் கை கனத்துவிடுகிறது!

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சண்டையைக் காட்டி, "பார்த்தீர்களா, மாநிலங்களிடம் வருமான வரி அதிகாரம் கொடுத்தால் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் மத்தியிலேயே குவித்து வைப்பதே மேல்" என்று சொல்ல நம் நாட்டில் சிலர் முன்வரக்கூடும். இந்திய அரசியல் சட்டத்தில் விவசாய வருமானத்தின்மீது வரி போடும் அதிகாரம்தான் மாநிலங்களுக்கு. மற்ற வருமானங்களின்மீது வரி போடும் அதிகாரம் மத்திய அரசுக்கே. சம்பளக்காரரிடம் தொழில் வரியாக ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது என்று வேறு 276-ஆவது பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. அந்த 2,500 ரூபாய் வரம்பு 1988-இல் போட்ட கோடு. விலைவாசி எங்கே ஏறி நின்றாலும் கோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. இங்கே மாநிலங்கள் சம்பளத்துக்காகச் சண்டை போடுவதில்லை என்றால், சண்டை போடுவதற்குக் கையில் எதுவும் இல்லை என்பதே காரணம். வெறுங்கை சமாதானம் அது. எல்லைத் தகராறு வருகிறது என்பதற்காக நிலத்தையே ஒருவனிடம் எழுதிக்கொடுத்துவிட்டு, மற்றவரெல்லாம் கூலிக்கு நிற்பதா? எல்லையை ஒழுங்காக அளந்து கல் நடுவதல்லவா அறிவுடைமை!

அமெரிக்காவிலும் வேண்டியது மாநிலங்களின் அதிகாரத்தைப் பறிப்பதல்ல. எல்லைக்கல்லை அதன் இடத்தில் மீண்டும் நடுவதுதான். வேலை எந்த மண்ணில் நடக்கிறதோ, அந்த மண்ணுக்கு வரி. வீட்டிலே நடந்தால், வீடு இருக்கும் மாநிலத்துக்கு வரி. சில நாள் பயணத்துக்குப் பிடித்தம் இல்லை. பொய்க் கணக்குக்குச் சோதனையும் தண்டனையும். மெய்க் கணக்குக்கு மதிப்பு. இந்த நான்கையும் ஒரே சட்டமாக்கினால் முதலாளிக்கும் தெளிவு, ஊழியருக்கும் தெளிவு, மாநிலத்துக்கும் மானம்.

தோழர்களே! படிப்பகங்களிலே மாநில உரிமை பற்றிப் பேசும்போது இந்த வழக்கையும் எடுத்துப் பேசுங்கள். நமக்கு மேலே உள்ள அதிகாரம் நம் உரிமையைப் பறிக்கும்போது குரல் கொடுப்பது எளிது. நமக்குப் பக்கத்தில் உள்ளவரின் உரிமையை நாம் தொடாமலிருப்பதுதான் கடினம். முதலாவதைச் செய்பவர் போராளி. இரண்டையும் செய்பவரே கூட்டாட்சிக்காரர். நியூயார்க் முதலாவதைக் கற்றிருக்கிறது, இரண்டாவதைக் கற்கவில்லை.

இனி ஒரு சம்பளச் சீட்டு கையில் வரும்போது மூன்றாவது வரியையும் படியுங்கள். பிடித்த பணம் எங்கே போகிறது? அங்கே உழைத்தவருக்கு வாக்கு உண்டா? அந்த மண்ணில் அவர் உழைத்தாரா? இரண்டுக்கும் "இல்லை" என்பதே விடையானால், தாளில் எழுதியிருக்கும் சொல் 'பிடித்தம்' ஆனாலும், அதன் பொருள் பறிப்பு!